பாலையாவின் முகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்துகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. வீட்டில் என்னைச் சினிமா பைத்தியம் என்பார்கள். நான் மறுப்பதில்லை.

அண்மையில் நானும் நண்பன் ஒருவனும் நகைச்சுவைப் படங்களாகவே பார்ப்பது என்று முடிவு செய்தோம். அவன் ஒரு படம், நான் ஒரு படம் என்று முறை வைத்துத் தேர்ந்தெடுத்தோம். அவன் முதலில் எடுத்தது அமெரிக்க மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்'. உலகத்தின் தலைசிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று என்று பெரிய பீடிகை போட்டான். அரை மணி நேரத்தில் நான் தூங்கிவிட்டேன். அடுத்து பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் 'பிளேடைம்'. அன்று அவனால் வர முடியாததால் தனியாக என் கைப்பேசியில் பார்த்தேன். கதை நகரவே இல்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அப்படியும் எங்கே சிரிப்பது என்று புரியவில்லை.

நான் தேர்ந்தெடுத்தவை 'பிரண்ட்ஸ்', 'வெற்றிக் கொடி கட்டு', 'காதலிக்க நேரமில்லை'. 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் நேசமணி தலையில் சுத்தியல் விழும் இடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நண்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருவன் தலையில் சுத்தியல் விழுவதில் என்னடா நகைச்சுவை?" என்றான். "உன் கீட்டன் விழுந்தால் கலை, என் வடிவேலு விழுந்தால் மட்டும் கூத்தா?" என்று நானும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு கொஞ்சம் குறைந்துவிட்டது.

நகைச்சுவை ரசனையில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று உண்மையிலேயே இருக்கிறதா? சிரிப்பே வராத ஒரு படத்தை உயர்ந்த நகைச்சுவை என்று நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? பழைய படங்களில் வரும் உருவக் கேலிக்கு இன்று சிரிப்பது தவறா? இப்போது வரும் 'டார்க் காமெடி' படங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? நான் அவசியம் பார்க்க வேண்டிய பத்து நகைச்சுவைப் படங்களையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். காட்சி முடிந்த பிறகுதான் கவனித்தேன், நான் முழுக்கப் பாலையாவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாகேஷின் நடிப்பைத் தவறவிட்டோமே என்று திரும்ப ஓட்டினேன். மறுபடியும் பாலையாவைத்தான் பார்த்தேன். எனக்குப் படம் பார்க்கவே தெரியவில்லையோ என்னவோ.

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தின் கடைசிப் பத்தியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். ரசனையில் மேல் கீழ் உண்டா என்ற கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமிருந்தாவது வருகிறது. அதைக் கேட்பவர்களில் பலருக்கு வேண்டியது பதில் அல்ல, நண்பனிடம் கொண்டுபோய்க் காட்ட ஒரு சான்றிதழ். அதை நான் தருவதில்லை. உங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. அதில் வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தும்மல் வந்ததற்கு யாராவது வாதாடுவார்களா?

ஆனால் பாலையாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச காலமாக நான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம் அது. அதற்கு வருகிறேன். அதற்குமுன் உங்களைத் திட்டியாக வேண்டும்.

'பிளேடைம்' படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கைப்பேசியில் பார்த்தேன் என்று எப்படி ஐயா உங்களுக்கு எழுத மனம் வந்தது? தாத்தி அந்தப் படத்தை 70 மி.மீ. படச்சுருளில் எடுத்தார். பாரிஸ் நகரின் ஓரத்தில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு நகரத்தையே அரங்கமாகக் கட்டினார். 1967இல் படம் வெளிவந்தபோது கடனில் மூழ்கினார். அதிலிருந்து மீண்டு எழ அவரால் முடியவில்லை. எதற்காக அவ்வளவும்? திரையின் ஒரு மூலையில் ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொரு மூலையில் இன்னொருவர் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்ள, நடுவில் யாரோ யாருக்கோ வழி சொல்ல, எதைப் பார்ப்பது என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. முகத்தை அருகில் கொண்டுவந்து 'இதோ இங்கே சிரி' என்று அவர் சொல்வதே இல்லை. அந்தப் படத்தை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, போதாக்குறைக்கு விரட்டிக்கொண்டும் ஓடியிருக்கிறீர்கள். பிறகு சிரிப்பு வரவில்லை என்று அவர்மேல் குறை சொல்கிறீர்கள். வேகத்தைக் கூட்டினால் கதை சீக்கிரம் தெரிந்துவிடும், சரி. நகைச்சுவையில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அது முழுக்க முழுக்கக் கால அளவு. ஒருவர் பேசி முடிப்பதற்கும் எதிரே இருப்பவர் இமைப்பதற்கும் நடுவே எத்தனை நொடி என்பதுதான் அதன் உயிர். அந்த நொடியைத்தான் நீங்கள் மூன்றில் ஒரு பங்கு வெட்டியிருக்கிறீர்கள்.

சரி, கோபம் தீர்ந்தது. பாலையாவுக்கு வருவோம்.

1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யை ஸ்ரீதர் இயக்கினார், வசனத்தில் சித்ராலயா கோபுவின் கை இருந்தது. நாகேஷின் செல்லப்பா பாத்திரத்தைத் தெரியாத தமிழர் குறைவு. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்துவிட்டு, பணத்துக்கு அப்பாவை நச்சரிப்பவன். கதை சொல்லும் காட்சியில் கதவு கிறீச்சிடுவதையும் காலடி நெருங்குவதையும் நாகேஷ் வாயாலேயே செய்துகாட்டுகிறார். அபாரமான வித்தை, சந்தேகமே இல்லை. ஆனால் இதை அப்படியே வெட்டியெடுத்து, எதிரே நாற்காலியில் யாரும் இல்லாமல் கற்பனை செய்து பாருங்கள். திறமையான பலகுரல் கலைஞர் ஒருவர் மேடையில் நிற்பதுபோல இருக்கும். கைதட்டுவீர்கள். வயிறு குலுங்காது.

சிரிப்பு நடப்பது நாற்காலியில். பாலையா அங்கே எப்படி உட்காருகிறார் என்று பாருங்கள். மகனைத் தண்டச்சோறு என்று நினைக்கிற பணக்கார அப்பா. 'எங்கே, உன் கதையைச் சொல்லு பார்ப்போம்' என்கிற அலட்சியம் முதுகிலேயே தெரிகிறது. கதை தொடங்குகிறது. முதலில் காது மட்டும் திரும்புகிறது, உடம்பு இன்னும் முதலாளியாகத்தான் இருக்கிறது. பிறகு கண் அகல்கிறது. அப்புறம் தோள் சுருங்குகிறது. சிறிது நேரத்தில் அந்த நாற்காலியில் இருப்பது எஸ்டேட் முதலாளி இல்லை, இருட்டுக்குப் பயந்த ஒரு பையன். பயமுறுத்துவது யார்? உருப்பட மாட்டான் என்று அவரே கைகழுவிய மகன். அவ்வளவு நாள் அப்பாவின் அதிகாரத்தால் சாதிக்க முடியாததை மகனின் வாய் ஓசை சாதித்துவிடுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் முழுவதும் பாலையாவின் முகத்தில்தான் எழுதியிருக்கிறது. நாகேஷ் தீக்குச்சியைக் கிழிக்கிறார், எரிவது பாலையா. நீங்கள் எரிகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இதற்கா கூச்சம்?

அதே பாலையா மறுவருடம் 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக வந்து கர்வத்தில் விறைத்து நிற்கிறார். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவிலோடு உட்காருகிறார். 1936இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கியவர், நெடுங்காலம் வில்லனாகவே அறியப்பட்டவர். வில்லனாக நடித்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம்: எதிராளி பேசும்போது சும்மா இருப்பது. கதாநாயகன் பக்கம் பக்கமாக வசனம் பேசும்போது வில்லன் என்ன செய்ய முடியும்? கேட்க வேண்டும். கேட்பதையே நடிக்க வேண்டும். அந்தப் பயிற்சிதான் செல்லப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தது.

இதையே நான் பல இடங்களில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன், யாரும் காதில் வாங்குவதில்லை, எனவே மறுபடியும் சொல்கிறேன். நகைச்சுவைக் காட்சியைச் செய்பவர் பேசுகிறவர் இல்லை. எதிரே இருந்து கேட்கிறவர். அவர் நம்ப வேண்டும். அவருக்கு அது வேடிக்கை என்று தெரியவே கூடாது. அவர் ஒரு நொடி சிரித்துவிட்டால் எல்லாம் போயிற்று.

இது நம் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். நடுவில் இருப்பவர் கதை சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போடுவார். அந்த 'ஆமாம்' எத்தனை விதம்! நம்பிய ஆமாம், நம்பாத ஆமாம், 'அட, அப்படியா சங்கதி' என்கிற ஆமாம். கதையின் மேடுபள்ளமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைத் தெரிந்தவர். அவர் படங்களில் டி.ஏ.மதுரம் நின்ற இடம் வெறும் ஜோடிக்கான இடம் இல்லை. கலைவாணரின் கருத்து எவ்வளவு கனமாக இருந்தாலும், மதுரம் காதில் விழுந்த பிறகுதான் அது சிரிப்பாக நமக்கு வந்து சேரும்.

அமெரிக்க மேடைக்காரர்கள் இதைக் கணக்குப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள். அப்பட், காஸ்டெல்லோ என்று ஒரு இரட்டையர். கோணங்கித்தனம் செய்து சிரிக்க வைப்பவர் காஸ்டெல்லோ. உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு எதிரே நிற்பவர் அப்பட். தொடக்க காலத்தில் வருமானத்தை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் தெரியுமா? அப்பட்டுக்கு 60 விழுக்காடு, காஸ்டெல்லோவுக்கு 40. கோமாளிகள் நிறையக் கிடைப்பார்கள், கோமாளிக்கு எதிரே கலையாமல் நிற்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது என்பது அந்தத் தொழிலின் அனுபவம். பிறகு காஸ்டெல்லோவின் புகழ் ஏறியது, பங்கும் மாறியது. உலகம் எப்போதும் போல உலகமாக நடந்துகொண்டது. ஆனாலும் முதல் கணக்குதான் சரியான கணக்கு என்பேன்.

மார்க்ஸ் சகோதரர்கள் என்ற அமெரிக்க நகைச்சுவைக் குழுவின் ஏழு படங்களில் மார்கரெட் டுமாண்ட் என்ற அம்மையார் வருவார். உயரமும் கம்பீரமுமாகப் பணக்காரச் சீமாட்டி. சகோதரர்களில் ஒருவரான க்ரௌச்சோ அவரை நிற்கவைத்து அவமானப்படுத்துவார், அதே மூச்சில் காதலிப்பார். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திடுக்கிடுவார், ஒவ்வொரு முறையும் மன்னிப்பார். ஏறக்குறைய ஐந்தாவது மார்க்ஸ் சகோதரர் என்று க்ரௌச்சோவே அவரைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு நகைச்சுவையே புரியாது என்றொரு கதையும் உலவியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புரியாதவரால் அவ்வளவு சரியாகப் புரியாமல் இருக்க முடியாது.

நம்மிடம் எம்.சரோஜா இருந்தார். 'கல்யாணப் பரிசு' (1959) என்றால் எல்லோரும் தங்கவேலுவின் எழுத்தாளர் பைரவனையும் மன்னார் அண்ட் கம்பெனியையும் சொல்வார்கள். வேலை இருப்பதாகப் பொய், பிறகு எழுத்தாளன் என்று அதைவிடப் பெரிய பொய். அந்தப் பொய்களை ஏற்றிவைக்க ஒரு இடம் வேண்டாமா? கணவனின் பெருமையை நம்பிப் பூரித்துப்போகும் அந்த மனைவியின் முகம்தான் இடம். அவள் பூரிக்கப் பூரிக்க, தங்கவேலுவுக்கு அடுத்த பொய்யிலிருந்து தப்ப வழி இல்லாமல் போகிறது. இருவரும் நிஜத்திலும் தம்பதியானவர்கள். சரோஜா சந்தேகப்பட்டிருந்தால் அந்தக் காட்சிகள் குடும்பச் சண்டையாக முடிந்திருக்கும்.

'கரகாட்டக்கார'னில் வரும் வாழைப்பழக் காட்சியை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள், வசனமும் ஒப்பிப்பீர்கள். இன்னொருமுறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டுச் செந்திலை மட்டும் பாருங்கள். அந்த முகத்தில் திருட்டுத்தனத்தின் சாயல் இருக்கிறதா? ஏமாற்றுகிறோம் என்ற மகிழ்ச்சி இருக்கிறதா? ஒன்றுமில்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்ட ஒருவரின் நிம்மதி மட்டும் இருக்கிறது. கவுண்டமணி எவ்வளவு கொதித்தாலும் அந்த நிம்மதியை அசைக்க முடிவதில்லை. உருவக் கேலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், இங்கே இழுக்க வேண்டாம். ஒன்று மட்டும்: உதைத்தவர் ஜெயித்து, வாங்கியவர் கூனிக் குறுகும் காட்சிகள் எனக்கு அந்தக் காலத்திலேயே பிடித்ததில்லை. செந்தில் கூனிக் குறுகியதில்லை.

என் பெரியப்பா ஒருவர் இருந்தார். நடுவயதில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. அதற்கு முன்பு பெரிய சினிமா ரசிகர். காது போன பிறகும் படத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. சிறுவனாக இருந்த என்னைத் துணைக்கு அழைத்துப்போவார். வசனத்தைக் கையால் ஜாடை காட்டிச் சொல்வதுதான் என் வேலை என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். சோகக் காட்சிகளில், சண்டைக்கு முந்தைய பேச்சுகளில் என் சட்டையைப் பிடித்து இழுப்பார், என்ன சொன்னான் என்று புருவத்தைத் தூக்குவார். நகைச்சுவைக் காட்சிகளில் மட்டும் அந்தப் பக்கமிருந்து ஓர் அசைவும் இருக்காது. நான் ஜாடை காட்டக் கையைத் தூக்கினால் தட்டிவிடுவார். அரங்கம் சிரிப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே சில சமயம் அவர் சிரித்துவிடுவார். எனக்கு அது பெரிய மர்மமாக இருந்தது. காது கேட்கிறது, நடிக்கிறார் என்றுகூட ஒரு காலத்தில் சந்தேகப்பட்டேன். பின்னால் ஒரு முழுப் பட நேரமும் திரையைப் பார்க்காமல் அவர் கண் போகும் திசையை மட்டும் கவனித்தேன். பேசுகிறவரை அவர் பார்ப்பதே இல்லை. பார்த்து என்ன பயன்? வாய் அசைவதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. கேட்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் என்ன என்பது அங்கே வந்து இறங்கும்போது அவருக்குப் போதுமான அளவு தெரிந்துவிட்டது.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் வசனமே இல்லாமல் எடுத்த படம் தமிழில் 'பேசும் படம்' என்ற பெயரில் வந்தது. அதற்கும் போனோம். வழக்கமாக நான் அவருக்குத் துணை. அன்று அரங்கத்தில் யாருக்கும் யாரும் துணையில்லை. இடைவேளையில் அவர் என்னைப் பார்த்து, 'உனக்குப் புரிகிறதா, ஜாடை காட்டட்டுமா?' என்று கையால் கேட்டார். அவ்வளவு குறும்பாக அவரை அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அவரை நினைக்கும்போதெல்லாம் இன்றைய நகைச்சுவைக் காட்சிகளின் ஒலிப்பதிவு மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒருவர் வழுக்கினால் ஒரு ஊதல், ஒருவர் முழித்தால் ஒரு கம்பி அதிர்வு, யாராவது கிண்டலாக ஒரு சொல் சொன்னால் 'டொய்ங்'. யாருக்காக இந்த மணியடிப்பு? காது கேளாத மனிதருக்கே அது தேவைப்படவில்லை. கண்ணிருந்தும் பார்க்க மாட்டார்கள் என்று பார்வையாளரைப் பற்றி முடிவு கட்டிவிட்டவர்கள் செய்கிற வேலை இது. இதைவிடக் கொடுமை படத்தொகுப்பு. பேசுகிறவர் முகம், வெட்டு, அடுத்துப் பேசுகிறவர் முகம், வெட்டு. கேட்கிறவருக்குச் சட்டகத்தில் இடமே இல்லை. பாலையாவும் நாகேஷும் இன்று அந்தக் காட்சியில் நடித்தால் நாகேஷின் வாயையும், நடுநடுவே ஓசையோடு பாலையாவின் கண்ணையும் துண்டுதுண்டாக ஒட்டித் தருவார்கள். அலட்சியம் பயமாக மாறும் அந்தப் பயணத்தைத் துண்டுகளில் எப்படிப் பார்ப்பது? துண்டில் அலட்சியம் இருக்கும், பயம் இருக்கும். மாறுவது இருக்காது.

இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. நகைச்சுவை நடிகர் ஏதோ சொல்வார், பக்கத்தில் நிற்கும் கதாநாயகன் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். 'பாருங்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது' என்று நமக்குக் காட்டுகிறார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நமக்கு எதற்கு வர வேண்டும்?

இப்போது உங்கள் நேசமணி. 2019இல் இணையத்தில் உலகமே அவர் உடல்நலத்துக்காக வேடிக்கையாகப் பிரார்த்தித்து ஓய்ந்தது நினைவிருக்கும். அந்தப் பாத்திரத்தை 1999இல் மலையாள மூலத்தில் ஜகதி ஸ்ரீகுமார் செய்தார், 2001இல் தமிழில் வடிவேலு. இரண்டுக்கும் இயக்குநர் சித்திக்தான். உங்கள் நண்பர் 'தலையில் சுத்தியல் விழுவதில் என்ன நகைச்சுவை' என்று கேட்டது நியாயமான கேள்வி. சுத்தியல் விழுவதில் ஒன்றும் இல்லை. அடி விழுந்ததற்கும் வலி முகத்துக்கு வந்து சேர்வதற்கும் நடுவே வடிவேலு ஒரு சிறு இடைவெளி வைக்கிறார். தனக்கு வந்த தந்தியைத் தானே பிரித்து வாசிக்கிற இடைவெளி அது. அங்கே எதிரே நிற்க யாரும் தேவைப்படவில்லை. தன்மேல் விழுவதைத் தானே கேட்டுக்கொள்கிறார். வடிவேலுவை வாய்ச்சொல் வீரராகவே எல்லோரும் கொண்டாடுகிறார்கள், வசனங்களை மீம்களாக்கித் தள்ளுகிறார்கள். அவருடைய பெரிய வித்தை வாங்கிக்கொள்வது. 'வெற்றிக் கொடி கட்டு'வில் துபாயிலிருந்து வந்த பெருமையோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திபன் கேள்வி மேல் கேள்வியாகக் குடைகிறார். பார்த்திபன் முகத்தில் சிரிப்பு இம்மியும் இல்லை, விவரம் தெரிந்துகொள்ளும் ஆர்வம் மட்டும்தான். ஒவ்வொரு கேள்விக்கும் வடிவேலுவின் முகத்திலிருந்து துபாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இருவருமே கேட்கத் தெரிந்தவர்கள். அதனால்தான் அந்த ஜோடி அப்படி அமைந்தது.

கீட்டனும் இதே வேலையைத்தான் செய்தார் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் கோபம் வரட்டும். சிறுவயதில் அப்பாவோடு மேடை ஏறி, தூக்கி எறியப்பட்டு வளர்ந்தவர் அவர். தான் சிரித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பதில்லை என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். 1928இல் எடுத்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறது, அவர் நிற்கும் இடத்தில் அந்தத் திறப்பு வந்து விழ, தப்பிக்கிறார். சுவரின் எடை இரண்டு டன் என்பார்கள். இரண்டு பக்கமும் சில அங்குலம்தான் இடம். அவர் அசையவில்லை. வீடு தன்னிடம் ஏதோ சொன்னதுபோலவும், தனக்கு அது சரியாகக் கேட்கவில்லை என்பது போலவும் நிற்கிறார்.

'தி ஜெனரல்' (1926) படத்தில் தூங்கியது குற்றமில்லை. வெளிவந்த காலத்தில் அமெரிக்கர்களே அந்தப் படத்தைக் கைவிட்டார்கள். ஆனால் எந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்கிறேன், வயிற்றெரிச்சலோடு கேட்டுக்கொள்ளுங்கள். பின்பாதியில் எதிரிகள் துரத்த, கீட்டனும் அவர் காதலியும் ரயில் எஞ்சினில் தப்பி ஓடுகிறார்கள். அடுப்புக்கு விறகு வேண்டும், உயிர் போகிற அவசரம். அந்தப் பெண் துடைப்பத்தை எடுத்து எஞ்சினைப் பெருக்குகிறாள். விறகு போடச் சொன்னால் குச்சி ஒன்றை எடுத்துப் போடுகிறாள். கீட்டன் அவளைப் பார்க்கிறார். பிறகு ஒரு சிறு சிராய்த் துண்டை எடுத்து, 'இது போதுமா' என்பதுபோல அவளிடம் நீட்டுகிறார். அவள் அதையும் வாங்கி அக்கறையாக அடுப்பில் போடுகிறாள். கீட்டன் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடிக்கிறார், ஒரு குலுக்கு குலுக்குகிறார், உடனே முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். அந்த முகம் முழுக் காட்சியிலும் மாறவில்லை. கோபமும் பிரியமும் மாறாத அந்த ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்துபோகின்றன. பாலையாவை இரண்டு முறை பார்த்த உங்களுக்கு இதைப் பார்க்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை. உங்களுக்கு அன்று தூக்கம், அவ்வளவுதான்.

'டார்க் காமெடி' பற்றிக் கருத்து எதுவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் நகைச்சுவை ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

நண்பரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களைத் தூங்கவைத்த படத்தில் அவர் சிரிக்கிறார் என்றால், அவர் எங்கே பார்க்கிறார் என்று பக்கவாட்டில் கவனியுங்கள். அவரும் உங்களைக் கவனிக்கட்டும். இலவசமாகக் கிடைக்கிற இரண்டாவது ஜோடிக் கண்ணை யாராவது விரட்டுவார்களா? முதலில் போன் செய்து கூப்பிடுங்கள். யார் முதலில் கூப்பிடுவது என்று கணக்குப் பார்க்கிற வயதா உங்களுக்கு?

பத்துப் படங்களின் பட்டியல் கேட்டீர்கள். தர மாட்டேன். பட்டியல் கொடுத்தால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவீர்கள், எதையும் பார்க்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1941இல் வந்த 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ.வி.மெய்யப்பன் எடுத்த படம். எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானாக டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என்.ரத்தினம். எஜமானுக்கு அறிவு குறைவு, வேலைக்காரனுக்கு அதைவிடக் குறைவு. ஒலி இரைச்சலாக இருக்கும், படம் மங்கலாக இருக்கும், முதல் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் கேட்கிறவர் யார் என்று பார்த்து எழுதுங்கள். எனக்கு ராமச்சந்திரன் என்றுதான் படுகிறது. ரத்தினம் என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இன்னும் முடியவில்லை. உங்கள் நண்பரின் கட்சி எது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.